நான்காம் மாடியில் மச்சாள்

சொகுசுப் பயணம் என்றால் என்னவென்று என்னிடம்தான் கேட்க வேண்டும். அதன் படுக்கை விரிப்பை உதறுகிறவள் நான். பதினொரு வருடமாகப் பாரிஸில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் அறை துப்புரவாக்குகிறேன். ஓவியம் பார்க்க, ஒப்பரா கேட்க, நதியில் படகில் போய்க்கொண்டே சாப்பிட என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்து அவர்கள் ஆறுதலாகப் பார்ப்பது குளியலறையைத்தான். தலையணைக்கென்று ஒரு மெனு அட்டை இருக்கிறது, எட்டு வகை. எட்டையும் வரவழைத்து, மற்ற ஏழையும் தரையில் எறிந்துவிட்டு ஒன்றில் தலை வைக்கிறார்கள். வரிசையில் நிற்காமல் போகும் அருங்காட்சியகச் சீட்டுகள் கிழிபடாமல் குப்பைக் கூடைக்குள் கிடக்கும். இந்த நகரத்தின் கலாசாரத்தோடு எனக்குள்ள பழக்கம் பெரும்பாலும் அந்தக் கூடை வழியாக வந்ததுதான்.

அந்த இரும்புக் கோபுரத்தில் நான் ஒருமுறையும் ஏறியதில்லை. எங்கள் மாடி அறைகள் இரண்டிலிருந்து அதன் நுனி தெரியும். அந்தக் கண்ணாடியில் விரல் அடையாளம் இருக்கக் கூடாது என்பதே என் கவலை. அதை யாரும் ரசித்துப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நான் சொல்லப்போவது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது எனக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. குவர்னாண்ட் ஆக வேண்டும். மாடிக்கு ஒரு மேற்பார்வைக்காரி இருப்பாள், அவளைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவள் வண்டி தள்ளுவதில்லை, மெத்தை தூக்குவதில்லை. கையில் ஒரு குறிப்புப் புத்தகம், எல்லா அறைக்கும் பொதுவான ஒரு சாவி அட்டை, அவ்வளவுதான். என் வலது மணிக்கட்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை சத்திர சிகிச்சை நடந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே மெத்தை தூக்கினால் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட மற்றக் கையால்தான் பிடிக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் மாடியில் குவர்னாண்ட் வேலை காலியானது. எல்லாருக்கும் மேலே இருந்த தலைமைக் குவர்னாண்ட் ஒரு போர்த்துக்கல்காரி, அவளும் வண்டி தள்ளித்தான் மேலே வந்தவள். என்னைத் துணி அறைக்குள் கூப்பிட்டு, "உன் பெயரைத்தான் கொடுக்கப்போகிறேன், அடுத்த திங்கட்கிழமை முடிவு வரும்" என்றாள். அன்றைக்கு மெத்ரோவில் வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் ரொறொன்ரோவிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தார். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா.

"பிள்ளை, நாங்கள் பாரிசுக்கு வாறம். முப்பதாவது கலியாண நாள். லக்சரி பக்கேஜ் ஒண்டு எடுத்திருக்கிறம். எந்த ஓட்டல் எண்டு சொல்லு பாப்பம்?"

வேறு இரண்டு பெரிய ஓட்டல்களின் பெயரைச் சொன்னேன். மச்சாள் கிலுகிலுவென்று சிரித்தார்.

"உன்ரை ஓட்டல்தான்! நீ நிக்கிற இடம், எங்களை வடிவாப் பாப்பாய் எண்டுதான் எடுத்தது."

இத்தனை ஓட்டல் இருக்கிற ஊரில் என்னுடையதுதானா கிடைத்தது? நான் விரிக்கிற கட்டிலில் படுத்து எழும்ப வேண்டும், அதைப் போய் அங்கே நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் விசா இல்லாமல் ஒற்றை அறையில் கிடந்த காலத்தில் மச்சாள் கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய குளிர்க்கோட்டு அனுப்புவார். பாதிக்கு ஸிப் வேலை செய்யாது. அதைப் போட்டு நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்பார். நான் இளித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படங்கள் அவருடைய வீட்டு அல்பத்தில் இன்னமும் இருக்கின்றன.

ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரரோ தெரிந்தவரோ தங்க வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த அறையை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுப்பார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் தலைமைக் குவர்னாண்ட் மரியாதைக்காகப் போய் மச்சாளுக்கு வணக்கம் வைப்பாள், மச்சாள் வாயைத் திறப்பார், பிறகு என் வேலையைப் பற்றி அவரே நாலு சிபாரிசு செய்வார். நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் இருக்கின்றன, என் பங்குக்கு வராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் நான்காம் மாடியில் லிப்ட் திறந்தது. பெட்டி தூக்குகிறவன் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு மச்சாள், அவருக்குப் பின்னால் அவருடைய கணவர். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வாய் பேசாத மனிதர், மச்சாள் இருக்கிற இடத்தில் அவருக்குப் பேச இடமும் கிடையாது. என்னைக் கண்டதும் மச்சாள் இரண்டு கையையும் விரித்தார். நான் தலையை ஆட்டி, உதட்டில் விரல் வைத்தேன். பெட்டிக்காரன் போனபிறகுதான் அறைக்குள் போனேன். அந்த அறை என் பங்கில்தான் விழுந்திருந்தது.

"ஏன் பிள்ளை, எங்களைத் தெரியாத மாதிரியோ இஞ்சை நடக்கிறது?"

"ஓம் மச்சாள். வேலை இடம், சட்டம் அப்பிடி. திங்கக்கிழமை எனக்கு ஒரு நல்ல வேலை குடுக்கிறதெண்டு இருக்கினம். அது முடியிற வரைக்கும் நான் உங்களுக்கு ஆரோ ஒருத்தி. விளங்குதே?"

"ஐயோ, எனக்கு உதெல்லாம் தெரியாதே? நான் வாயே திறக்க மாட்டன்" என்றார். அண்ணை ஜன்னலோரம் நின்று, "வடிவான இடம், தங்கச்சி" என்றார். அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

வாய் திறக்க மாட்டேன் என்றவர் மணி அடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் நாளே நாலு தரம் கூப்பிட்டார். பளிங்குத் தொட்டி, மழைபோல் கொட்டும் குழாய், சூடேற்றிய தரை, இத்தனையும் இருக்கிற குளியலறையில் நின்று, "பிள்ளை, ஒரு வாளியும் கோப்பையும் இல்லையோ? எனக்கு அள்ளி ஊத்தாட்டில் குளிச்ச மாதிரி இல்லை" என்றார். பனிக்கட்டிக்கு வைத்திருக்கும் வெள்ளி வாளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் அள்ளிக் குளித்துவிட்டு, உள்ளுடுப்பைத் தோய்த்துக் கதவுப் பிடி முழுக்கக் காயப் போட்டிருந்தார்.

அதைவிடப் பெரிய தொல்லை கட்டில். காலையில் நான் போகுமுன்னரே எழும்பி, விரிப்பை இழுத்து, போர்வையை மடித்து, தலையணையைத் தட்டி அடுக்கிவிடுவார். தான் படுத்தெழும்பிய கட்டிலை இன்னொருத்தி பார்க்கக் கூடாதாம். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம், எனக்கும் உண்டு. ஆனால் ஓட்டலில் அப்படி விட முடியாது. மூலைகளை வேறு மாதிரி மடிக்க வேண்டும், விரிப்பை மாற்ற வேண்டும், தலைமைக் குவர்னாண்ட் வந்து கையால் தடவிப் பார்ப்பாள். அவர் கட்டி வைத்ததை அவிழ்த்து, மெத்தையைத் தூக்கி, திரும்ப நான் கட்ட வேண்டும். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு என் மணிக்கட்டுக்கு இரட்டை வேலை வைத்தார். வேண்டாம் மச்சாள் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவர்களுடைய பக்கேஜில் இருந்த கறுப்புக் காரிலேயே, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்கு லீவு, நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். ரூ காய் என்ற அந்த ஒடுக்கமான தெருவில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்தவே இடமில்லை. அதற்குள் அந்தக் கார் நுழைந்து, பின்னால் மரக்கறி லொறி ஹோர்ன் அடித்து, கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்து, ஒரே அமளி. சாரதி வெள்ளைக் கையுறையோடு இறங்கிக் கதவைத் திறந்துவிட, மச்சாள் கறிவேப்பிலைப் பெட்டிகளுக்கு நடுவில் இறங்கினார். கொத்துரொட்டி சாப்பிட்டார். ரோல்ஸ் சாப்பிட்டார். ரொறொன்ரோவில் தங்கள் பக்கம், ஸ்கார்பரோவில், இதைவிட நல்லாய் இருக்கும் என்றார். சாறிக் கடையில் முப்பது சாறியை விரிக்க வைத்து, எல்லாம் பழைய டிசைன் என்று எழும்பினார்.

பாரிசுக்கு வெளியே, திரான்சியில் எங்கள் வீட்டில் என் கணவர் விடியவே எழும்பி நண்டு வாங்கி வந்திருந்தார். அக்கா வருகிறார் என்று வேலைக்கும் போகவில்லை. தரை விரிப்பை வெளியே கொண்டுபோய்த் தட்டி, கழிப்பறை மின்குமிழை மாற்றி, பெரிய சட்டியில் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தார். சாறிக் கடை வாசலில் நின்று மச்சாள் அவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, குறை நினையாதை. நாலு மணிக்கு எங்களுக்கு மியூசியத்திலை பிரைவேட் டூர். பின்னேரம் படகுச் சாப்பாடு. திரான்சிக்கு வந்து போக நேரம் காணாது. அடுத்த முறை கட்டாயம் வாறம்."

அன்றிரவு நண்டுக் குழம்பை நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்டோம். அக்காவுக்கு அலுப்பாய் இருந்திருக்கும் என்றார் அவர். நான் ஒரு நண்டுக் காலை உடைத்தேன். வாய் திறந்திருந்தால் சண்டை வந்திருக்கும். என் மனிதரை அப்படிக் காக்க வைத்ததை நான் மன்னிக்கப்போவதில்லை என்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் அதே ரூ காயில் வைத்துத்தான் நானும் ஒரு பிழை விட்டேன். வெள்ளிக்கிழமைதான் கலியாண நாள், பெட்டிக்குள் சின்னப் பிள்ளையார் இருக்கிறார், கற்பூரம் மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், ஒரு பக்கற் வாங்கித் தா என்று மச்சாள் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

"அறைக்குள்ளை மட்டும் கொளுத்தாதேங்கோ மச்சாள். கூரையிலை மெஷின் இருக்கு, அலாரம் அடிக்கும். இஞ்சை பக்கத்திலை கோயில் இருக்கு, ஐயரிட்டைக் குடுங்கோ."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? நாங்களும் மாடிக் கொண்டோவிலைதானே இருக்கிறம்" என்று கைப்பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல நான்காம் மாடி அலறியது. அந்தச் சத்தத்தை நான் பயிற்சியில் மட்டுந்தான் கேட்டிருக்கிறேன். லிப்ட் நின்றுவிட்டது. அறைக் கதவுகள் திறந்தன. வெள்ளை அங்கியும் வெள்ளைச் செருப்புமாகப் பணக்காரர்கள் படியில் இறங்கி ஓடினார்கள். முகத்தில் பச்சைக் களிம்போடு ஒருத்தி, கையில் நாய்க்குட்டியோடு ஒருத்தர், சவரம் பாதியில் நிற்க இன்னொருத்தர். உண்மையைச் சொல்வதென்றால் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கற்பூர வாசம் வந்தது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவர்களுடைய அறைக்கு ஓடினேன்.

அறைக்குள் போனால், கட்டிலுக்கு மேலே கூரையில் இருந்த புகை மெஷினுக்குத் தலை நனையாமல் குளிக்கும் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மச்சாள் சொல்ல, அண்ணைதான் கதிரையில் ஏறிக் கட்டியிருக்கிறார். ரொறொன்ரோவில் அப்படித்தானாம். வாசல் பக்கத்தில் இரண்டாவது மெஷின் ஒன்று இருப்பதை அவர்கள் காணவில்லை. மினுக்கின மர மேசையில் பிள்ளையார், சாம்பல் போடும் தட்டில் கற்பூரம், தட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய வட்டம். பக்கத்தில் தமிழ் எழுத்தோடு அந்தப் பக்கற். மச்சாள் சிவப்புக் கூறைச்சாறியில் விறைத்துப்போய் நின்றார், அண்ணை அவருக்குப் பின்னால்.

ஓட்டல் மேலாளர் வந்துவிட்டார், கூடவே தலைமைக் குவர்னாண்ட். அவள் பக்கற்றைக் கையில் எடுத்து எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது என் மொழியின் எழுத்து என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். என் தொலைபேசியில், என் காலண்டரில் கண்டிருக்கிறார்கள்.

"இவர்களை உனக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. என் மணிக்கட்டு அந்த நேரம் பார்த்துக் குத்தியது.

"தெரியாது" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அது நானும் மச்சாளும் ஏற்கெனவே பேசி வைத்ததுதான், அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய கட்டிலும், வீட்டில் ஆறிப்போன நண்டுக் குழம்பும், ஸிப் உடைந்த கோட்டுகளும் சேர்ந்து என் வாய்க்கு வந்தன. "கனடாத் தமிழர் போல இருக்கிறது. நான் தெருவில் கண்டாலும் இப்படியான ஆட்களோடு பேச மாட்டேன். பட்டிக்காட்டுச் சனம். கையில் காசு வந்துவிட்டது, ஆனால் மனிதர் மத்தியில் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றேன். நல்ல பிரெஞ்சில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போது இனித்தது.

மச்சாளுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அவர் கண்டதெல்லாம் இரண்டு பெரியவர்கள் என்னைக் கேள்வி கேட்பதும், நான் முகம் சிவந்து பதில் சொல்வதுந்தான். என்னை ஏசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்தார். என் தோளில் கையைப் போட்டு, மேலாளரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "இவளை ஒன்றும் சொல்லாதீர்கள். இவள் என் தம்பியின் மனைவி. கொளுத்த வேண்டாம் என்று எனக்குச் சொன்னவள், நான்தான் கேட்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. எங்கள் குடும்பத்தில் இவளைப்போல உழைக்கிற பிள்ளை வேறு இல்லை. இவளைப் பார்க்கத்தான் இந்த ஓட்டலுக்கே வந்தோம்."

தலைமைக் குவர்னாண்ட் பக்கற்றை மேசையில் மெல்ல வைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். மச்சாளின் கை என் தோளில் கனத்துக் கிடந்தது. அதைத் தட்டிவிடவும் என்னால் முடியவில்லை.

அரை மணித்தியாலத்தில் அவர்களுக்கு ஆறாம் மாடியில் அதைவிடப் பெரிய அறை கொடுத்தார்கள். கலியாண நாள் என்று கேள்விப்பட்டுப் பூங்கொத்தும் போனது. சொகுசு என்றால் இதுதான், மேசையை எரித்தவருக்குப் பூ. என்னைப் பின்னேரம் துணி அறைக்குள் கூப்பிட்டார்கள்.

"கற்பூரம் எனக்குப் பெரிய விஷயமில்லை" என்றாள் போர்த்துக்கல்காரி. "சொந்தக்காரர் வந்ததை மறைத்ததைக்கூட ஒரு கடிதத்தோடு முடித்திருப்பேன். ஆனால் குவர்னாண்டின் கையில் எல்லா அறையின் சாவியும் இருக்கும். நேரே கண்ணைப் பார்த்து இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிற ஒருத்தியிடம் அதை நான் எப்படிக் கொடுப்பது?"

திங்கட்கிழமை வேறொருத்தியின் பெயர் போனது. என் கீழ் வேலை பழகியவள்.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் புறப்பட்டார்கள். மச்சாள் நான்காம் மாடிக்கு இறங்கி வந்து, வெளிப்படையாகவே என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தியே, நான் ஒரு சொல்லுச் சொன்னவுடனை பேசாமல் போட்டாங்கள். இல்லாட்டில் உன்ரை வேலை போயிருக்கும்" என்றார். போட்டு வாறம் என்று சொல்லிவிட்டு லிப்டை நோக்கி நடந்தார். அண்ணை பின்னுக்கு நின்றார். மச்சாள் பொத்தானை அழுத்தும் வரைக்கும் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மதாம், நீங்கள் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை."

பிரெஞ்சில் சொன்னார். பிழையில்லாத பிரெஞ்சு, கனடாவின் கெபெக் பக்கத்து இழுவை கொஞ்சத்தோடு. கனடாவில் வந்திறங்கிய முதல் ஏழெட்டு வருடம் மொன்றியலில் ஓர் உணவகத்தில் வேலை செய்தவர் அவர் என்பதை அன்றிரவு என் கணவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏன் கேட்கிறாய் என்றார் இவர். சும்மா என்றேன்.

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு இன்னமும் மெத்தை தூக்குகிறேன். மச்சாள் மாதத்தில் இரண்டு தரமாவது தொலைபேசி எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைப்பார், அறைக்குள் யார் இருந்தாலும் அவர்களுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லுவார். எப்படி அலாரம் அடித்தது, எப்படி என்னை ஏசினார்கள், எப்படித் தான் ஒருத்தியாக நின்று தம்பி பெண்சாதியின் வேலையைக் காப்பாற்றினார் என்று. கடைசியில், "சொல்லு பிள்ளை, நான் இல்லாட்டில் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்பார்.

அண்ணை பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி வந்ததும் டிவிச் சத்தம் குறையும்.

"ஓம் மச்சாள்" என்கிறேன். "உங்களாலைதான்."